ஓர் எழுத்து குறைகிறது

புருல்ச்சா,
முதல் வகுப்பில் என் நோட்டைப் பார்த்தே
சொல்வதெழுதுதல் எழுதியவள் நீ.
அப்போதும் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவாய்.
ஆசிரியை உன் காதைத் திருகினால்
ஏனோ எனக்கு வலிக்கும்.

பிறகு நீ டிராலிபஸ் ஓட்டினாய்.
நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
உன் வண்டியில் ஒருநாளும்
டிக்கெட் எடுத்ததில்லை.

அந்த ஜூனில் நமக்குள் பேச்சு இல்லை.
நான்கு வருடமாகவே இல்லை,
உன் மகன் கல்யாணத்துக்கு இரவல் போன என் கொப்பரை
விளிம்பில் விரிசலோடு திரும்பியதிலிருந்து.

ஓஷ் நகரம் எரியத் தொடங்கிய இரண்டாம் இரவு
வெளிக்கதவில் ஏதோ உரசும் சத்தம்.
நிலவறையில், ஜாம் பாட்டில்களுக்கு நடுவே,
இருமல்காரக் கணவரின் வாயைப் பொத்தியபடி
யாரோ மண்ணெண்ணெய் பூசுகிறார்கள் என்று நினைத்தேன்.

நீ.
ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தில்
எங்கள் உஸ்பெக் வீட்டுக் கதவில்
கிர்கிஸ் என்று எழுதிவிட்டு
முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

வந்தார்கள். இரும்புக் கம்பிகள் தரையில் இழுபட்டன.
ஒருவன் எழுத்தைத் தொட்டுப் பார்த்தானாம்,
விரலில் ஈரம்.
உன் கையைப் பார்த்தானாம்,
அதே நீலம்.

அப்புறம் நீ பேசியது எனக்கே கேட்டது:
"ஆமாம், இப்போதுதான் எழுதினேன்.
உள்ளே போகணுமென்றால் என்னைத் தாண்டிப் போ.
எனக்கு முழங்கால் வலி,
எழுந்து வழிவிட முடியாது."

போனார்கள்.
அடுத்த சந்துக்கு.
அங்கே முக்காலி போட யாரும் இல்லை.
அதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

"மஹ்ஃபூஸா, விடியும்வரை வெளியே வராதே."
நான்கு வருடத்தில் நீ என்னிடம் சொன்ன
முதல் வாக்கியம்.

முழங்கால் வலி பொய்,
நடுக்கத்தில்தான் எழ முடியவில்லை என்று
வெகுநாள் கழித்து, செர்ரி பறிக்கையில் சொன்னாய்,
ஏணியின் மேலிருந்து, என் முகம் பார்க்காமல்.

நீலம் வெளுத்துவிட்டது, போகவில்லை.
மருமகள் புது வண்ணம் அடிக்கலாம் என்கிறாள்.
எனக்கோ கதவைச் சாத்தும்போதெல்லாம்
சிவப்பு மையால் சுழிக்கக் கை பரபரக்கிறது.
மூன்றாம் எழுத்தைக் காணோம், புருல்ச்சா.
இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தும்.

விரிசல் முன்பே இருந்தது என்று
நீ இன்னும் சாதிக்கிறாய்.
ஞாயிற்றுக்கிழமை புலாவுக்கு வா.
அதே கொப்பரைதான்.
கொஞ்சம் ஒழுகும்.