மூடியைத் திறக்காதே

ஃபெர்ஹுந்தேயின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
அதனால் இன்று பிலாவ் என் பொறுப்பு.
எஸ்கிஷெஹிரில் பதினெட்டு வருடம்
டிராம் ஓட்டிய கை இது;
அரிசி களைந்ததில்லை.

கூடத்திலிருந்து கேட்கிறாள்:
"தண்ணீர் தெளிந்துவிட்டதா?"
பார்க்கிறேன். இன்னும் மேகம்.
ஏழாம் தடவைதான்
அடியில் என் விரல்கள் தெரிந்தன.

வெண்ணெய் உருகிச் சலசலக்க,
அரிசி போலவே இருக்கும் சேமியாவைப் போட்டேன்.
பொன்னிறம் வரட்டும் என்றாள்.
பொன் எத்தனை நிறம்?
அவள் கல்யாண வளையலை நினைத்துக்கொண்டேன்.
அந்த நிறத்துக்குச் சற்று முன்பே
பதறி அரிசியைக் கொட்டினேன்.

கொதிநீர் விழுந்ததும்
அடுப்படியே சீறியது.
பிறகு குமிழ்கள்,
பிறகு அரிசிமேல் சின்னச் சின்னக் கண்கள்.
"சத்தம் மாறிவிட்டது, அணை" என்கிறாள்
சுவருக்கு அப்பாலிருந்து.

மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே
ஒரு துணி. இருபது நிமிடம்.
"திறக்காதே, நெவ்சாத்.
உன்னால் முடியாது, தெரியும்.
ஆனாலும் திறக்காதே."

இருபது நிமிடம் நான் என்ன செய்ய?
இழுப்பறையைத் துழாவினேன்.
அக்டோபரில் வாங்கிய பல்பு,
அட்டைகூடப் பிரிக்காமல்.
மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில்
நாற்காலி போட்டு ஏறினேன்.
அவள் விழுந்த படி
வெளிச்சத்தில் மிகச் சாதாரணமாக இருந்தது.

திரும்பி வந்தபோது
அடுப்படியில் நின்றிருந்தாள்,
இடது கையில் மரக்கரண்டி.
கதவிடுக்கு வழியே
படிக்கட்டின் வெளிச்சம் அவள் காலடிவரை.
அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூடியைத் தூக்கினோம்.
உதிரி உதிரியாய்த்தான் இருந்தது,
ஓரத்தில் ஒரு கையளவு தவிர.
அந்தக் குழைந்ததை
தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.
ஒரு வாய் தின்றாள்.
"உப்பு?" என்றாள்.