இரண்டாவது சிரிப்பு

மேடைக்குக் கீழே, இடது மூலையில்
ஒரு மேளம், ஒற்றைச் சிம்பல், நான்.
எனக்கு நாடகம் தெரியாது.
நடிகர்களின் கணுக்கால்கள் தெரியும்,
வெளிச்சம் சிந்தி விழுகிற
முதல் நாலு வரிசை முகங்கள் தெரியும்.

பகலில் பழைய சோனகத் தெருவில் ஆணி நிறுக்கிறவன்.
பகிடி முடிந்ததும் டும் டும் டிஷ் போடுவது
வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்.

படம் எல்லோருக்கும் மனப்பாடம்.
செத்தவர் பாடையில் தலையைத் தூக்கி
"தேத்தண்ணிக்குச் சீனி போட்டதோ?" என்று கேட்கும் இடம்.
றெக்ஸ் அண்ணை வாயைத் திறக்க முதலே
மூன்றாம் வரிசை கேட்டுவிட்டது.
உள்ளே வந்து துவாயை எறிந்தார்:
"அவையளுக்கு வாயசைக்கவே நான் வந்தனான்?"

இடைவேளையில், பற்றிஸ் கையோடு ஒருவர்
எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:
"படத்தில மாமி குடையால அடிப்பா.
இவ விளக்குமாற்றால அடிக்கிறா.
ஆயிரத்தைந்நூறு ரூபா ரிக்கெற்றுக்கு
ஒரு குடைக்கு வழியில்லையோ?"
குடை முதற் காட்சியிலேயே முறிந்துபோனது.
யார் போய்ச் சொல்வது.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடப் பெடியள்,
படம் வந்தபோது பிறந்திராதவர்கள்,
சீனிக்குச் சிரிக்கவில்லை.
பாடை தூக்கியவனின் சாரம் அவிழப் பார்த்ததற்குக்
கதிரையை உதைத்து உதைத்துச் சிரித்தார்கள்.
அது நாடகத்தில் இல்லாதது.
சனிக்கிழமையிலிருந்து இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது நாலாம் வரிசையை.
நடைபாதை ஓரம் ஒரு பெண்,
பக்கத்தில் இருந்தவரின் காதுக்குச் சாய்ந்து
ஒவ்வொரு வசனத்தையும் சிங்களத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
வளையல் சத்தமிடாதபடி
ஒரு கையால் மறு கையைப் பிடித்தபடி.

வெள்ளியன்று அவர் சிரிப்பு
என் சிம்பலுக்குப் பிறகு,
அடுத்த வசனத்துக்கும் பிறகு,
ஒப்பாரிப் பாட்டின் நடுவில் தனியாக வந்து இறங்கியது.
தலைகள் திரும்பின.
மனிதர் நிகழ்ச்சித் தாளால் வாயை மூடிக்கொண்டார்.
அவள் அதன்பின் ஊற்றவில்லை.

சனியும் வந்தார்கள். ஏன் என்று தெரியாது,
பாட்டுக்காரரில் யாரோ சொந்தமாக்கும்.
சீனி கேட்டாயிற்று. மண்டபம் சிரித்து அடங்கியது.
நான் குச்சியைத் தூக்கியபடி வைத்திருந்தேன்.
ஒன்று. இரண்டு.
கீபோர்ட்டிலிருந்து சுபோதினி முறைத்தாள்,
கை பிடித்துவிட்டதோ என்று.
மூன்று.
வந்தது அந்தச் சிரிப்பு, வயிற்றிலிருந்து, பிந்தி, முழுசாக.
அதற்குப் பிறகுதான் டிஷ்.
அவர் சிரித்ததைக் கேட்டு
மண்டபம் இரண்டாந்தரம் சிரித்தது.
றெக்ஸ் அண்ணை பாடையில் கிடந்தபடி
முதன்முதலாக என்னைக் குனிந்து பார்த்தார்.

ஞாயிறு அந்த இரண்டு கதிரையிலும்
யாருடையதோ கைப்பையும் ஒரு குழந்தையும்.
நான் கவனிக்கவில்லை, குச்சி மேலே போய்விட்டது.
அண்ணையும் தலையைத் தூக்கியபடி காத்திருந்தார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
கடற்கரைப் பக்கம் பாணந்துறை ரயில் போனது,
கதவுகள் மெல்ல நடுங்கின.
நாலு.
பிணம் ஒன்று இருட்டுக்குள் யாரையோ தேடுகிறது,
முந்நூறு பேர் மூச்சை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.
எங்கோ ஒருவர் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது.

குடைக்காரர் மறுபடியும் வந்திருந்தார்,
இரண்டாம் வரிசையில்.
"படத்தில இந்த இடம் இல்லை" என்றார்,
மிக மெதுவாக, தனக்குத்தானே.

நான் சிம்பலைத் தொட்டேன். அடிக்கவில்லை.

திங்கள் காலை, அரைக் கிலோ ஆணி, இரண்டங்குலம்.
தட்டைப் பார்த்தபடி நின்றிருந்தேன் போல.
"தம்பி," என்றார் வாங்க வந்தவர்,
"முள்ளு எப்பவோ நிண்டுட்டுது."