இரவு இலவசம்

பனி மழையாகப் பெய்த இரவு. டெக்சாஸ்.
மணி இரண்டே கால்.
இர்விங்கில் ஏழாவது மாடியில்
எங்கள் விளக்குகள் எரிகின்றன.

காதுக்குழலுக்குள் ஒருவரின் மூச்சு நடுங்குகிறது.
டெல்பர்ட் ஹ்ருஷ்கா, ஹில்ஸ்பரோ.
ஆறு வருட வாடிக்கையாளர் என்கிறது திரை,
ஒரு தவணையும் தவறாதவர்.
வாங்கியிருப்பது "இரவு இலவசம்" திட்டம்:
ஒன்பது மணிமுதல் விடியும்வரை
எவ்வளவு எரித்தாலும் காசில்லை.

"இலவசம் இன்னும் வந்து சேரவில்லை, அம்மா."

சிரித்துவிட்டேன். பதிவாகியிருக்கும்.

எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறேன்:
மன்னிக்கவும் ஐயா, நாங்கள் மின்சாரம் விற்பவர்கள்,
கொண்டுவருபவர்கள் வேறு.
கம்பம் அவர்களுடையது, கம்பி அவர்களுடையது,
உங்கள் சுவரில் இருக்கும் மீட்டரும் அவர்களுடையதே.
அவர்களின் எண்ணைத் தருகிறேன்,
எழுதிக்கொள்கிறீர்களா?

"இந்த இருட்டிலா?"

கொஞ்சம் பொறுத்துக் கேட்கிறார்:
"கம்பம் உங்களுடையது இல்லை. கம்பி இல்லை.
ஒரு லாரி, ஓர் ஏணிகூட இல்லை.
அப்படியென்றால் ஆறு வருடமாக
எனக்கு எதைத்தான் விற்றீர்கள், ரெனிட்டா?"

பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் தரவில்லை.
ஒரு தாளை விற்றோம்,
அதன் மூலையில் ஒரு மஞ்சள் சூரியனை.
ஆகஸ்டில் சந்தை கொதித்தாலும்
உங்களைச் சுடாது என்ற வாக்கை.
காற்றாலையில் வாங்கினோமா எரிவாயுவில் வாங்கினோமா,
கம்பிக்குள் கலந்தபின் எங்களுக்கும் தெரியாது.
உங்கள் பக்கத்து வீட்டுக்கு வேறொருவர் விற்பதும்
அதே கம்பியில்தான் வருகிறது.

இதெல்லாம் மனசுக்குள்.
வாயில் வந்தது ஒரே சொல்: "விலை, ஐயா."

"அதைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியுமா?"
கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம்.
ஒன்பதாவது நிமிடத்தில்
மேற்பார்வையாளரின் விளக்கு மஞ்சளானது.
ஹ்ருஷ்கா ஜன்னலுக்கு நகர்ந்திருந்தார்.
முறிந்த பெக்கன் கிளை கம்பியில் தொங்குகிறதாம்.
சாலை முனையில் ஒரு லாரி வந்திருக்கிறதாம்.
"இரண்டு பேர். ஒருவன் தொட்டிலில் மேலே போகிறான்.
கீழே நிற்பவன் எதையோ மெல்லுகிறான்.
மேலே இருப்பவன் கழியால் தட்டுகிறான்,
பனி கண்ணாடியாய்ச் சிதறுகிறது."

ஒன்பது வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.
கம்பிக்காரர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை.
அன்று ஒருவரின் கண்ணைக் கடன் வாங்கிப் பார்த்தேன்.

அந்த இருவருக்கும் இவர் பெயர் தெரியாது.
அவர்களுக்கு இவர் பதினேழு இலக்க எண்.
விற்பவரை மாற்றினாலும் அது மாறாது,
வீட்டை விற்றுவிட்டுப் போனாலும்
அது சுவரோடு இருந்துவிடும்.

பிறகு குழலுக்குள் ஒரு குளிர்ப்பெட்டி உறுமியது.
தொலைக்காட்சியில் யாரோ
பாதி வாக்கியத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

"நன்றி, ரெனிட்டா. ரொம்ப நன்றி."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்.
இரவு முழுக்கப் பழியை வாங்கியவள்,
வழி தவறி வந்த நன்றியையும் வைத்துக்கொண்டேன்.
"எங்கள் பொறுப்பல்ல" என்ற கட்டத்தில்
குறி போட்டு அழைப்பை மூடினேன்.

அந்த மாத பில்லைத் தேடிப் பார்த்தேன்.
அன்றிரவு எரித்தது பதினோரு யூனிட்.
தொகை பூஜ்யம்.
கம்பிக் கட்டணம் தனி.

மார்ச்சில் அவர் எங்களை விட்டுப் போனார்,
யூனிட்டுக்கு அரை சென்ட் குறைவாக
வேறு யாரோ தந்தார்களாம்.
ஹில்ஸ்பரோவில் அன்று ஒரு கம்பமும் அசையவில்லை.
யாரும் ஏணி சாத்தவில்லை.
வெளிச்சம் ஒருமுறைகூடக் கண் சிமிட்டியிருக்காது.

விலகிய காரணம் என்ற இடத்தில்
அவர் தந்திருந்தது
நான் சொன்ன அதே ஒரு சொல்.