உருப்படி 138

மூன்று நாளிதழ்கள், பதினோரு வாரங்கள்,
இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள்.
ரீகாவில், நூலகத்தின் ஐந்தாம் தளத்தில்
நுண்படச் சுருளைச் சுற்றச் சுற்ற
தொண்ணூற்றாறாம் ஆண்டு
வயிற்றைப் புரட்டிக்கொண்டு ஓடுகிறது.
மூன்றரை மணிக்கே விளக்குப் போடும் டிசம்பர்.
வெளியே தௌகாவா ஆறு
உறையலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

ஆய்வுத் தலைப்பு:
மீன் டப்பா ஆலைத் தீ விபத்து – அச்சு ஊடகத்தில் பேசியது யார்?
'கருகிய' என்று ஒரு சொல் வைத்திருந்தேன்.
நெறியாளர் ஔஸ்மா பென்சிலால் அடித்துவிட்டார்.
உணர்ச்சி தொனிக்கிறதாம்.

முதலாளி 1. தீயணைப்பு அதிகாரி 2.
அமைச்சர் 3. தொழிலாளி 4.
வேடிக்கை பார்த்தவர் 5.
சொல்ல முடியாதெனில் 9.
படத்தில் நிற்பவர்களுக்கும் இதே எண்கள்தான்.

ஒன்றுகள் கம்பிவேலிபோல
பக்கம் பக்கமாக நட்டுக்கொண்டு நின்றன.
நான்கைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.
அகப்பட்ட ஏழில் இருவர் இறந்தவர்கள்.
பெயரும் வயதும் அச்சாகியிருந்தன.
இதைப் பேசியதாக எடுத்துக்கொள்ளலாமா?
விதிமுறையில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

ஒருத்தி எண்ணினால் அது அபிப்பிராயம்,
இருவர் எண்ணினால் ஆய்வு.
ரைட்டிஸ் வந்தான்,
ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாடு
என் கணக்கில் என்ற ஒப்பந்தத்தில்.
சாம்பல் பட்டாணியை மென்றபடி
எண்ணி முடித்தான்.
பத்தொன்பது இடங்களில் முட்டிக்கொண்டோம்.
பதினெட்டைப் பேசித் தீர்த்தோம்.
மிஞ்சியது 138.

அது ஒரு படம். செய்தி இல்லை.
புகை. இடிந்த சுவர்.
முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்.
கீழே: 'ஆலையின் முன் ஒரு பெண்.'
அவன் 5 என்றான்.
நான் 4.

எப்படித் தெரியும் என்றான்.
ரப்பர் முன்றானையின் பட்டை அறுந்து
வலைக்கயிற்றால் தைத்திருக்கிறது பார் என்றேன்.
கறுப்பு வெள்ளையில்
எனக்கு மட்டும் அந்தக் கயிறு பச்சை.
ஒன்பது வயதுவரை எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால்
மத்தி மீன் புகைவாசத்தோடு தொங்கியது அது.
இதை நான் சொல்லவில்லை.
தாளில் இருப்பதை மட்டுமே எண்ண வேண்டும்,
விதி இரண்டு, நானே எழுதியது.

சரி, 9 போட்டுக்கொள்வோம்.
போட்டோம்.
தெரிந்ததைத் தெரியாது என்றதும்
ஆய்வின் நம்பகத்தன்மை
ஒரு புள்ளி கூடிற்று.

அன்றிரவு ஊருக்குப் போன் செய்தேன்.
"படமா? என்ன படம்?"
அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கவில்லை.
"ஓ, அவனா. தொப்பிக்காரன்.
பேர் கேட்டான். பிருதா, மீன் அடுக்கும் பிரிவு,
பதினாலு வருஷம்னு சொன்னேன்.
எழுதிக்கிட்டான்.
எழுத்துக்கூட்டிக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தான்கூட."

நான் அழுகிறேனா என்று அவள் கேட்கவில்லை.
நானும் அழவில்லை.
எழுதியது எந்த மேசையில் விழுந்தது,
எந்தக் கத்தரி, எத்தனை வரி இடப்பற்றாக்குறை
என்று ஒரு புதிய அட்டவணை
மனசுக்குள் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

ஔஸ்மா பொறுமையாகக் கேட்டார்.
"ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதுவும் உன் தாய்.
இது முடிவு ஆகாது, வரம்புகள் பகுதியில் வேண்டுமானால்
இரண்டு வரி எழுது."
எழுதினேன். நான்கு முறை.
நான்காவதில் 'தாய்' போய்
'ஒரு தகவலாளர்' வந்தார்.

அம்மா வைக்கும்போது ஒன்று கேட்டிருந்தாள்:
"அந்தப் படத்துல என் சைக்கிள் இருக்கா?
சுவர் மேல சாய்ச்சு வெச்சிருந்தேன்.
அழுதுக்கிட்டு ஒண்ணும் நிக்கல,
நகரு, சக்கரம் நசுங்கியிருக்கான்னு பாக்கணும்னு
அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் திரும்பினேன்."

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன்.
சுருளை மாட்டி, 138, லென்ஸை முறுக்கினேன்.
இடது ஓரத்தில், இடிபாடு என்று
இருவரும் கண்ணை ஓட்டிவிட்ட இடத்தில்,
அரைச் சக்கரம்.
கம்பிகளை எண்ணினேன்.
பதினாறு தெரிந்தன.