பாலம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்

செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி.
லாஸ் பியூரஸ் தீயணைப்புக் கொட்டகையில்
வண்டியை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டோம்.
வந்தவர் முப்பத்தொன்று, நாய்கள் நீங்கலாக.
குறிப்பெழுதுவது நான்.
சிலியின் இந்தக் குடாவில் என் கையெழுத்து மட்டும்தான்
மறுநாளும் படிக்கிற மாதிரி இருக்குமாம்.

சிமெண்ட் கம்பெனிக் காலண்டரின் முதுகில்
ஒனோஃப்ரே ஊரை வரைந்து வந்திருந்தார்.
கீழே கடல், மேலே பைன் மேடு,
நடுவில் எண்பத்து நான்கு கூரைகள்.
பாலத்தை வரையவே இல்லை.
"போன வருஷம்தானே கட்டினார்கள்?" என்றான் நெல்சன்.
"இல்லை என்று வைத்துக்கொள்."
அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.
மின்சாரம்? இல்லை என்று வைத்துக்கொள்.
தொலைபேசி? வைத்துக்கொள்.
தலைநகரிலிருந்து ஹெலிகாப்டர்?
கொட்டகையே சிரித்தது.

இருப்பது எது என்று பிறகு கேட்டார்.
அங்கேதான் என் பேனா ஓடியது.
ரோசெண்டாவின் ரொட்டி அடுப்பு விறகில் எரிவது.
மாவு, எந்நேரமும் நான்கு மூட்டை.
பள்ளிக்கூடக் கிணற்றில் தண்ணீர் உண்டு, கயிறு இல்லை.
படகுகளில் கயிறு உண்டு.
மரம் அறுக்கும் இயந்திரம் இரண்டு:
ஒன்று எல்சியாரியோவிடம்,
மற்றொன்று அவனிடம் இரவல் வாங்கியவரிடம்.
பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு மூடிகள்.
கைக்குழந்தை உள்ள வீட்டின் மேல் ஆரஞ்சு சோடா மூடி.
தனியாக உறங்குபவர் வீட்டின் மேல் பீர் மூடி.
ஒவ்வொரு மூடியின் ஓரத்திலும் ஒரு பெயர்,
வந்து தட்டப்போகிறவர் பெயர்.
கால் ஊன்ற முடியாதபடி நிலம் ஆடினால்
சங்கு ஊதட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
ஒரு தட்டு. திறக்காவிட்டால் உடைப்பு.
பூட்டுக்குக் கணக்கு மேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.
அரைக்காது தெயோடோரோ எழுந்து,
தன் கதவு மழையில் ஊதி இறுகிக் கிடக்கிறது,
இன்றைக்கே உடைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

ஏழாம் பொருள் எல்லோர் தாளிலும் இருந்தது.
எவரும் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன்:
கிடைக்கும் உடல்களை எங்கே வைப்பது.

யாரோ தொப்பியைக் கழற்றி
திரும்பவும் போட்டுக்கொண்டார்கள்.
எர்மோஹெனஸ் எழுந்து வந்து
மீனவர் சங்கத்து ஐஸ் அறைச் சாவியை
சத்தம் எழாமல் மேஜைமேல் வைத்தான்.
"மீனை வெளியே போட்டுவிட்டு நன்றாகக் கழுவிவிடலாம்."
ஒருமனதாக, என்று எழுதினேன்.
ஒருவரும் கை தூக்கவில்லை.

திரும்பக் கட்டுவதைப் பேச நேரம் போதவில்லை.
ஒன்று மட்டும் முடிவானது:
சுவர் நிற்கும்போதே அளந்துவிட வேண்டும்.
போன முறை இடிபாட்டை வாரிய பிறகு
எவர் சமையலறை எங்கே முடிந்ததென்று
எவருக்கும் தெரியவில்லை.
அன்று ஒரு முழ நிலத்துக்காகப் பேச்சை நிறுத்திய
அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை.
அளவு நாடாவின் இந்த முனையை இவனும்
அந்த முனையை அவனும் பிடிப்பதாக
என்னிடம் சொன்னார்கள், தனித்தனியாக.

எல்லோரும் போனபின்
படத்தை நகலெடுக்க உட்கார்ந்தேன்.
பள்ளத்தெரு, பச்சைத் தகரக் கூரை, என் வீடு.
அதன் மேல் ஒரு பீர் மூடி.
நான் வைத்ததல்ல.
வடக்குச் சுரங்கத்திலிருந்து லீவுக்கு வருவான் என்றுதான்
ஐந்து வருஷமாகச் சொல்லிவருகிறேன்.
அவன் பூட்ஸ் வாசலிலேயே கிடக்கிறது,
வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.
ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஓரத்தில் பென்சிலில், கோணலாக: எல்சியாரியோ.
என் கோழிகள் அவன் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து
எனக்கு முகம் கொடுக்காதவன்.

மூடியை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
அவன் பெயரை மசியில், மறுநாளும் படிக்கிற மாதிரி,
மறுபடி எழுதினேன்.
அதன் கீழே, பொடி எழுத்தில்:
கதவு உள்பக்கம் திறக்கும்.
கீழ்த் தாழ்ப்பாள் வெறும் பேருக்குத்தான்.
தோளால் ஒரு தள்ளு போதும்.