ஒரு கிராம் நானூறு மில்லி

செவ்வாப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
மின்விசிறி போடமாட்டார்கள்.
வெள்ளி பறந்துவிடும்.
செங்கோடன் தராசை ஊதித் துடைத்து
நாற்பது கிராம் அரப்பொடி நிறுத்தார்.
"எனக்குப் பறக்கத்தான் வேணும்" என்றேன்.
"பறந்தது எல்லாம் திரும்பி வரணும்" என்றார்.

என் பிழைப்பே அதுதான்.
படத்தின் முதல் இரண்டு நிமிடம் பத்து விநாடி,
பெயர்கள் வரும் நேரம்.
ஸ்பீக்கர் மேல் கறுப்புக் கண்ணாடி,
கண்ணாடி மேல் வெள்ளிப்பொடி,
தூரிகை நுனியால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு பெயர்.
பறையின் ஒற்றை அடி போதும், சிதறிவிடும்.
மேக்ரோ லென்ஸில் ஒரு துகள் ஒரு குண்டுக்கல்.
விநாடிக்கு ஆயிரம் ஃபிரேமில் பிடித்து
பின்னாலிருந்து ஓட்டுவேன்.
வெட்டவெளியில் கிடந்த கற்களெல்லாம்
எதையோ மறந்து வைத்துவிட்டதுபோல் எழுந்து
ஓடி வந்து
யாரோ ஒருவராகும்.

அடி விழுந்ததும் முதலில் பறப்பது
மெய்யெழுத்தின் புள்ளி.
ஆகவே திரையில் கடைசியாய் வந்து உட்காருவதும் அதுவே.
அதுவரை 'ம' என்று திறந்திருந்த வாய்
'ம்' என்று மூடிக்கொள்ளும்.
இதை நான் திட்டமிடவில்லை.

முதலில் கம்ப்யூட்டரில்தான் செய்து பார்த்தோம்.
கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்,
நடுவே ஒரு புள்ளி வட்டம்.
டவுன் பஸ் சீட்டில் போட்ட துண்டு என்பாள் நஸ்ரீன்,
வராத எழுத்துக்கு இடம் பிடித்தபடி.

நாயகனுக்கு ஐந்து விநாடி.
தயாரிப்பாளருக்கு நாலு (ஆறு கேட்டுப் போன் வந்தது).
இசைக்கு மூன்றரை.
லைட்மேன் பதினோரு பேருக்கும் சேர்த்து
முப்பத்தாறு ஃபிரேம்.
ஒன்றரை விநாடியில் பதினோரு பெயரை வாசிக்க முடியாது.
பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம்.

பதினோராவது சித்தேஸ்வரன்.
"போன படத்துல ஒத்தக் கொம்பு போட்டுட்டாங்க.
தே-வுக்கு ரெட்டைக் கொம்புங்க."
ஏற்காட்டுச் சாலையில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவு,
விடியுமுன் மூன்றரை மணி,
ஸ்டாண்டின் உச்சியில் நின்று
மஞ்சுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே சொன்னான்.
அந்த மஞ்சைத்தான்
எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் விரித்திருக்கிறேன்.
ஐந்து விநாடிப் பெயரும் நிற்பது
அவன் பிடித்த வெளிச்சத்தில்.

நேரத்தைக் கூட்ட எனக்கு அதிகாரம் இல்லை.
ஒரு அட்டை முடிய, மஞ்சு வந்து பெயர்களை மூடும்.
அதில் பன்னிரண்டு ஃபிரேமுக்கு
கையாலேயே மாஸ்க் வெட்டினேன்.
பதினோரு பெயரும் மறைந்து
ஒளிப்பதிவாளர் பெயர் கூடத் தொடங்கிய பின்னும்
ஓர் ஓரத்தில்
இரட்டைக் கொம்பு மட்டும் நிற்கும்.
எடிட்டர் நிறுத்திக் கேட்டார்: "இது என்ன, பிழையா?"
"ரெண்டர்ல அப்படி விழுந்துடுச்சு சார்."
விட்டுவிட்டார்.

திருப்பிக் கொடுத்தபோது
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
கண்ணாடி துடைத்த துணியையும் வாங்கி
எரித்து உருக்கினார் செங்கோடன்.
நானூறு மில்லி கிடைத்தது.
மிச்சத்தைத் தேடி
என் புருவத்தைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்தார்.
பிறகு நோட்டில் எழுதினார்:
'ஒரு கிராம் நானூறு மில்லி. சினிமாவுக்குப் போனது.'

நாலு ரோட்டுப் பக்கம், காலைக் காட்சி.
டைட்டில் ஓடும்போதுதான் ஜனம் உள்ளே வருகிறது.
செல்போன் டார்ச்சில் எஃப் வரிசை தேடுகிறது.
ஒரு வெளிச்சம் திரையில் தவறி விழுந்து
இசையமைப்பாளரை அழித்துவிட்டுப் போனது.
தயாரிப்பாளர் பெயரை ஒரு பாப்கார்ன் தட்டு கடந்தது.
லைட்மேன்கள் வந்தார்கள், போனார்கள்.
கொம்பு நின்றது.
முன்வரிசையில் எவனோ விசிலடித்தான்,
நாயகன் பெயர் போய் வெகுநேரம் ஆனபின்,
வெறும் கொம்புக்கு.

செங்கோடன் என் பக்கம் சாய்ந்தார்.
"எல்லாம்தான் திரும்பி வந்துடுச்சே," என்றார்,
"அப்புறம் எப்படிக் குறைஞ்சது?"