ஈரப்பதம்

பருத்திக்கு அறுபது வேணும்.
இந்தக் கறுப்புப் பெட்டிக்கு நாற்பத்தைந்தே போதுமாம்.
எட்டுப் பொழுது
ஒரு புள்ளி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது என்று
பிளாண்டிலிருந்து என்னைப் பிரித்து
ரீலிங் கொட்டகைக்கு அனுப்பினார் மேனேஜர்.

பீளமேட்டு மில்லில் இப்போது
நூல் ஓடாத கொட்டகை அது ஒன்றுதான்.
நூறு நாற்காலி. நடுவில் பியானோ,
மூடிக்குக் குச்சி முட்டுக் கொடுத்து,
ரிப்பேருக்கு நிற்கிற லாரி பானட் மாதிரி.

வாசிக்க வந்தது தாராபுரத்துப் பொண்ணு,
சுகிர்தம் எபனேசர். இருபது வருசம் வியன்னாவில்.
வந்ததும் என் தெர்மாமீட்டர் இரண்டையும்
குனிந்து பார்த்தாள்.
"எதுங்க உலர், எதுங்க ஈரம்?"
திரி சுற்றியதைக் காட்டினேன்.
"ஓ, சளி பிடிச்சது இதுக்குத்தானா."

முப்பத்திரண்டு சொனாட்டா, நாளைக்கு நாலு.
அதில் எனக்குப் புரிந்தது
என் ஃபேன் அவளை எங்கே தொந்தரவு செய்கிறது
என்பது மட்டும்.
சன்னமான இடம் வந்தால்
இடது தோள் கொஞ்சம் என் பக்கம் திரும்பும்.
டேம்பரை மூடுவேன்.
தோள் திரும்பிப் போகும்.
இரண்டாம் நாளிலிருந்து
தோளுக்கு முன்னாலேயே என் கை போயிற்று.

மூன்றாம் நாள் எழுபது பேர்.
நான்காம் நாள் நாற்பது.
ஐந்தாம் நாள் ஆனி முகூர்த்தம், பதினொரு பேர்.
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

அன்றைக்குத்தான் அறுந்தது.
அடிக்கட்டையில் செம்பு சுற்றிய கம்பி,
வேட்டுப் போட்ட மாதிரி.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
எங்கே நூல் அறுந்தாலும்
முதல் திட்டு பிளாண்டுக்குத்தான்.
அவள் நிறுத்தவில்லை.
குழியைக் கண்டால் வண்டியை ஒடிக்கிற மாதிரி
அந்தக் கட்டையை மட்டும் விட்டுவிட்டு
சுற்றிக்கொண்டு போனாள்.
பதினொரு பேரில் யாரும் கவனித்ததாய்த் தெரியவில்லை.
மழைக்கு வந்த ஒருவர் மட்டும்
கூரையை அண்ணாந்து பார்த்தார்.

நவமணி, என் வீட்டுக்காரி,
ரிங் ஃபிரேமில் சைடர்.
இருபத்திரண்டு வருசக் கதிர்ச் சத்தம்
அவள் காதின் மேல்பாதியைச் சாப்பிட்டுவிட்டது.
குக்கர் விசில் கேட்காது. குயில் கேட்காது.
லாரி கேட்கும்.
என் பேச்சு, கோபமாயிருந்தால் கேட்கும்.

ஏழாம் நாள் ராத்திரி சோற்றுக்கு முன்னால் சொன்னேன்:
"இதையெல்லாம் எழுதினவருக்கும்
கடைசியில காது போயிருச்சாமா.
நோட்டீசுல போட்டிருக்குது."
குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்,
"அவரு எந்த மில்லுங்க?"

எட்டாம் நாள் ஷிப்ட் விட்டு நேரே வந்தாள்,
தலையெல்லாம் பஞ்சு.
கை தெரிகிற பக்கமாய்
இடது ஓரம் பார்த்து உட்கார்ந்தாள்.

கடைசி சொனாட்டாவுக்கு இரண்டே பாகம்.
முதல் பாகம் முழுக்கச் சண்டை.
இரண்டாவதில்
வலது கை மேல்கோடிக்கு ஏறி
இரண்டு விரலால் ஒரே இடத்தை
நடுக்கிக்கொண்டே இருந்தது,
விடவே இல்லை.
நவமணியிடம் இல்லாத பாதி அது.
பாட்டைவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் பார்த்தது அந்த இரண்டு விரல்களை,
ஃபிரேமில் எந்தக் கதிர் அறும் என்று
அரை நிமிசம் முன்பே பார்க்கிற பார்வை.

ஃபேனை முழுசாய் நிறுத்தியிருந்தேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
வெண்டிலேட்டர் வழியே வந்து நின்றது.
உலர் இருபத்தேழு, ஈரம் பத்தொன்பது.
என் உதவி இல்லாமல் அப்படியே.

சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டேன்.
"பாதிக்கு மேல ஒண்ணும் கேக்குலீங்க.
கை மட்டும் ஓடுச்சு."
கொஞ்சதூரம் போய்,
"ஒட்டுன எடமே தெரியல.
எங்க சூப்பர்வைசரு பாத்திருக்கோணும்."
கேட்டைத் தாண்டியதும்,
"அந்தப் புள்ளைக்கு வலது மணிக்கட்டுல நோவு இருக்குது.
கை தட்டறப்ப மடியில வச்சு அமுக்குனா.
வெளக்கெண்ணெ காய்ச்சித் தாறேன், குடுத்துருங்க."

காலை எட்டுக்குப் புட்டியோடு போனேன்.
பியானோவை விடியுமுன்னே ஏற்றிவிட்டார்கள்.
சுகிர்தம் நாலு மணிக்கே பெங்களூர் கிளம்பியாயிற்று.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

நான் அறுபதுக்குத் திரும்பிவிட்டேன்.
புட்டி பிளாண்ட் மேசையில்தான் இருக்கிறது.
ஃபேன் பேரிங் முனகினால்
இரண்டு சொட்டு விடுகிறேன்.